புது மைக் வாங்கும் முன்: ஹெட்போன், மைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். ஆன்லைன் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள், சமையல் சேனல் நடத்தும் அக்காக்கள், ரீல்ஸ் போடும் தம்பிகள் என்று பலரும் வருவார்கள். அதில் பாதிப் பேர் ரெக்கார்டிங்குக்காக வருவதில்லை. "அண்ணே, மைக் போயிடுச்சு, அடுத்து எது வாங்கலாம்?" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் மைக்கைக் கையில் வாங்கிச் சோதித்துப் பார்த்தால் அதில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. கோளாறு வேறு எங்கோ இருக்கும், பணம் மட்டும் மைக்குக்குப் போயிருக்கும். ஆயிரம் ரெண்டாயிரம் என்று எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பு. அதனால் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் கோளாறுகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

## எதுவாக இருந்தாலும் முதலில் இது

உங்கள் ஹெட்போனை வேறொரு போனில் மாட்டிக் கேளுங்கள். பிறகு வேறொரு ஹெட்போனை உங்கள் போனில் மாட்டிக் கேளுங்கள். கோளாறு ஹெட்போனோடு கூடவே போனால் ஹெட்போனில் கோளாறு. போனிலேயே தங்கிவிட்டால் போனில் கோளாறு. மைக்குக்கும் இதே சோதனைதான். இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

### வயர் உள்ள இயர்போன், ஹெட்போன்

போன் அமைப்புகளில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் இடது வலது சமநிலைப் பட்டை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. வீட்டில் குழந்தைகள் போனை எடுத்து விளையாடுவார்கள் என்றால் இதை முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்து, போனின் பின்கவரைக் கழற்றிவிட்டு ஹெட்போன் பின்னைச் செருகுங்கள். தடிமனான ரப்பர் கவர் போட்ட போன்களில் பின் முழுக்க உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கவர் கழற்றியும் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையிலேயே போன் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே பஞ்சு அடைந்து கெட்டித்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

ஒரு பக்கம் அடியோடு நிற்காமல் சத்தம் மட்டும் குறைந்திருந்தால் காதுக்குள் போகும் வகையில் காது அழுக்குதான் முதல் சந்தேகம். ரப்பர் முனையைக் கழற்றினால் சிறு வலை தெரியும். வலையைத் தரை நோக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பல் துலக்கியால் கீழிருந்து தேயுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே விழுந்துவிடும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரே ஆள் தொடர்ந்து பேசும் பேச்சு ஒன்றை ஓடவிடுங்கள். பின்னின் கழுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடம், பட்டன் பெட்டியின் இரு பக்கம், காது அருகே வயர் நுழையும் இடம் என்று வரிசையாக ஒவ்வோர் இடத்திலும் வயரை மெதுவாக வளைத்துக் கேளுங்கள். எங்கே வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. என் மேசைக்கு வருவதில் பெரும்பாலானவை பின்னின் கழுத்தில்தான் அறுந்திருக்கும்.

சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பின்னிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வெட்டிவிட்டுப் புதுப் பின் போடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் மெல்லிய கம்பிகள் சிவப்பும் பச்சையும் செம்பு நிறமுமாக இருக்கும். அந்த நிறம் கம்பியின் மேல் பூசிய எனாமல். அப்படியே சாலிடர் வைத்தால் ஈயம் ஒட்டாது, ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. சூடான முனையில் ஈயத்தை ஒரு துளியாக நிற்க வைத்து, கம்பி நுனியை அந்தத் துளிக்குள் இரண்டு மூன்று விநாடி மூழ்க விடுங்கள். லேசாகப் புகை வரும், எனாமல் எரிந்து நுனி வெள்ளியாக மின்னும். பிறகுதான் பின்னில் பற்றவைக்க வேண்டும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொதுக் கம்பி. ஆனால் எல்லா நிறுவனமும் இதைப் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கம்பிகளைத் தொட்டால் எந்தக் காதில் 'டிக்' என்று கேட்கிறதோ அந்தக் காதின் கம்பி அது.

சாலிடர் தெரியாதவர்கள் எப்போது கடைக்குப் போகலாம்? ஹெட்போனின் விலை பழுதுகூலியைப் போல நான்கு மடங்காவது இருந்தால் போகலாம். முந்நூறு ரூபாய் இயர்போனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம். காது அருகே அறுந்திருந்தால் இயர்போனின் மேல்கூட்டைப் பிளக்க வேண்டியிருக்கும், அது மலிவான இயர்போனில் நிற்காது. அடுத்த முறை வாங்கும்போது வயரைத் தனியே கழற்றி மாட்டும் இயர்போனாகப் பாருங்கள். 0.78 மி.மீ இரட்டைப் பின் வைத்தவை ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. வயர் போனால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என் வீட்டில் இப்போது வயர் கழற்ற முடியாத இயர்போன் ஒன்றுகூட இல்லை.

### வயரில்லாத பட்ஸ்

ஒரு பக்கம் சார்ஜே ஏறவில்லை என்றால் பெட்டிக்குள் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளையும் பட்ஸின் அடியில் இருக்கும் புள்ளிகளையும் பாருங்கள். வியர்வை காய்ந்து பச்சையாகப் படிந்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். சார்ஜ் ஏறியும் ஒரு பக்கம் இணையவில்லை என்றால் போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து மறுபடி இணையுங்கள்.

இரண்டு ஆண்டு ஓடிய பட்ஸ் அரை மணி நேரத்தில் அணைந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது. மலிவான பட்ஸில் அதை மாற்றுவது கட்டுப்படியாகாது. வாரண்டி இருந்தால் பிரிக்காமல் பில்லோடு போங்கள். காரணமில்லாமல் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதியலாம். பட்ஸோ பெட்டியோ உப்பியிருந்தால் அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். சேவை மையத்திலோ மின்கழிவு வாங்குமிடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

## இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணோம்

இதைக் கேட்டுப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. வயலினும் கோரஸும் அகன்று கேட்கும், நடுவில் இருக்க வேண்டிய குரல் எங்கோ தூரத்தில் ஒலிக்கும். காரணம் ஒன்றுதான்: இரு காதுக்கும் பொதுவான கம்பியின் இணைப்பு விட்டிருக்கிறது. பின்னை ஒருமுறை வெளியே எடுத்து அழுத்திச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். அப்படியும் குரல் வராவிட்டால் மேலே சொன்னபடி பின்னை மாற்ற வேண்டும். ஹெட்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் நன்றாக இருப்பதால் இது பெரும்பாலும் பழுது பார்க்கத் தகுந்தது. இந்த அறிகுறியோடு வந்த எதையும் நான் தூக்கிப் போடச் சொன்னதில்லை.

## நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்கவே இல்லை

போனில். முதலில் எந்த மைக் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மாட்டியிருக்கும் மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். அடுத்து போனின் அடிப்பக்கத் துளையைச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் பலமாக விழுந்திருக்கிறதோ அந்த மைக்கைத்தான் போன் எடுத்துக்கொண்டிருக்கிறது. சில கேமரா செயலிகள் வெளி மைக்கைக் கண்டுகொள்வதே இல்லை. செயலியை மாற்றினாலே போதும்.

பிறகு பின்னைப் பாருங்கள். போனுக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இரண்டே வளையம் இருந்தால் அது கேமராவுக்கான மைக். போனில் போட அதற்கென்று ஒரு சிறு மாற்றி வேண்டும். விலை அதிகமில்லை, கடையில் கேட்கும்போது "கேமரா மைக்கைப் போனில் போட" என்று விளக்கிச் சொல்லுங்கள். வெறுமனே ஆடியோ மாற்றி என்று கேட்டால் வேறெதையாவது கொடுத்துவிடுவார்கள்.

வயரின் நடுவில் சிறு பெட்டி வைத்த காலர் மைக் என்றால் அதில் போன், கேமரா என்று இருநிலை சுவிட்ச் இருக்கும். போனில் போடும்போது அது கேமரா பக்கம் தள்ளப்பட்டிருந்தால் குரல் வராது, அல்லது கிசுகிசுப்பாக வரும். கேமரா பக்கம் வைத்து வேலை செய்யப் பெட்டிக்குள் ஒரு பட்டன் செல் தேவை, பலவற்றில் எல்.ஆர்.44. படப்பிடிப்பு முடிந்ததும் சுவிட்சைத் திருப்ப மறந்தால் செல் தீர்ந்துவிடும்.

லேப்டாப், கணினியில். விண்டோஸ் அமைப்புகளில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்கு அனுமதி இருக்கிறதா, பிரவுசரின் முகவரிப் பட்டையில் மைக் படத்தின் மேல் கோடு விழுந்திருக்கிறதா, ஜூம் அல்லது மீட்டில் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். மேசைக் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை இருந்தால் ஒற்றைப் பின் ஹெட்செட்டின் மைக் அதில் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் வாங்க வேண்டும்.

பெரிய ஸ்டுடியோ மைக் வாங்கியும் கேட்கவில்லை. ஸ்டாண்டு, பஞ்சு, வடிகட்டி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் மலிவான கண்டென்சர் மைக்குகளில் இந்தப் புகார் நிறைய வருகிறது. அந்த மைக் முழுத் திறனில் வேலை செய்ய 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், அதாவது மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம். கூடவே வரும் 3.5 மி.மீ வயரில் லேப்டாப் தருவது சில வோல்ட்தான். அதனால்தான் குரல் மெலிந்து, இரைச்சல் மிகுந்து வருகிறது. மைக்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு அதே விலையில் யூ.எஸ்.பி மைக் வாங்குங்கள். முடியாதென்றால் 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்க வேண்டும், அது பெரும்பாலும் மைக்கை விட விலை கூடுதல். மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டாம், ஆனால் அதற்கு நல்ல கெய்ன், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு, வேண்டும். லேப்டாப்பில் நேராகச் செருகினால் அதுவும் முனகும்.

## கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது

அதிகமாகப் பணம் வீணாவது இங்கேதான். கணக்கு டீச்சர் ஒருவர் ஒன்றரை ஆண்டில் மூன்று மைக் மாற்றியிருந்தார். ஒவ்வொன்றும் முந்தையதை விட விலை அதிகம், எதிரொலி மட்டும் போகவே இல்லை. அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், மேசையின் அந்தக் கோடியில் மைக். கையைத் தட்டினால் 'டங்' என்று நீண்டு ஒலித்தது. "டீச்சர், அந்த அலமாரிக் கதவைத் திறங்க" என்றேன். உள்ளே அடுக்கடுக்காகப் புடவை. மேசையை அலமாரி முன்னால் நகர்த்தி, அவரை அலமாரி பார்க்க உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் கொடியில் கனமான ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டோம். அவர் வாங்கியதிலேயே விலை குறைந்த மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தோம். பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு, "இது என் குரல்தானா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆகவே வரிசை இது:

1. மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும்.
2. கையைத் தட்டிக் கேளுங்கள். வால் போல் நீண்டால் இடத்தை மாற்றுங்கள். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, ஹாலை விட எப்போதும் நல்லது.
3. யூ.எஸ்.பி மைக் என்றால் எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். பல மைக்குகளில் பக்கவாட்டில்தான் பேச வேண்டும், உச்சியில் பேசினால் குரல் தூரத்தில் கேட்கும். எட்டுத் திசையும் கேட்கும் நிலையில் சுவிட்ச் இருந்தால் இதய வடிவக் குறிக்கு மாற்றுங்கள்.
4. சுவரில் ஒட்டும் அரை அங்குலப் பஞ்சு அட்டைகளைக் கடைசியாகப் பாருங்கள். மெல்லிய பஞ்சைவிட ஒரு பழைய ஜமக்காளமோ போர்வையோ அதிகம் உறிஞ்சும்.

மைக்கை அருகே கொண்டுவந்ததும் 'ப' எழுத்துக்கெல்லாம் 'புஃப்' என்று காற்று அடிக்கும். "அப்பா பப்பாளிப் பழம் பறித்தார்" என்று சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். அடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் வைக்கும் காற்றுத் தடுப்பு வலை) வாங்குவது அதற்குப் பிறகு.

## இரைச்சல்

'உம்ம்ம்' என்று ஒரே சுருதியில். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் மின்இணைப்பு வழி வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. பதிவு செய்யும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டினால் செலவே இல்லை. மின்விசிறி ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள், சில பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் 'ஜிர்ர்' என்று கலப்பதுண்டு. கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் கேட்டால் இன்வர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கலாம். ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கணினி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் முனகல் அடங்கும்.

இதில் ஒரு எல்லை உண்டு. மைக்கில் உதடு பட்டாலோ, மிக்சரைத் தொட்டாலோ சுரீர் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை பிளக் இருந்தும் உள்ளே எர்த் வயரே இழுக்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முனகலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 230 வோல்ட்டில் உயிர் போகும்.

'ஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்வது போல். கெய்ன் அதிகம். விண்டோஸில் மைக் பூஸ்ட் 20, 30 டெசிபலில் இருந்தால் 10-க்குக் குறைத்துவிட்டு மைக்கை நெருக்கி வையுங்கள். அப்படியும் இருந்தால் லேப்டாப்பின் ஆடியோ துளைதான் காரணம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி சவுண்ட் கார்டில் மைக்கைப் போட்டுப் பாருங்கள்.

'கரகர' என்று விட்டுவிட்டு. காலர் மைக்கில் வந்தால் உடையைப் பாருங்கள். தாலிச் சங்கிலி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, துப்பட்டா, சட்டைப் பையில் பேனா, இவைதான் முக்கால்வாசி காரணம். மைக்குக்குக் கீழே வயரை ஒரு சுற்றுச் சுற்றி அதே கிளிப்பில் சொருகிவிட்டால் வயரின் இழுப்பும் மைக்குக்கு ஏறாது.

## ஜூமில் சேர்ந்ததும் ப்ளூடூத் ஹெட்போன் பழைய டெலிபோன் போல் ஒலிக்கிறது

ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ப்ளூடூத் இசை முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. ஜூம் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கராக மட்டும் ஹெட்போனை வையுங்கள். உடனே தெளிந்துவிடும். தினமும் வகுப்பு எடுப்பவர்களுக்கு நான் சொல்வது வயர் ஹெட்செட்தான்.

## பாட்டு வகுப்பில் சுருதிப் பெட்டி வந்து வந்து மறைகிறது

இந்தக் கோளாறுக்காக மைக் மாற்றிய பாட்டு டீச்சர்கள் இருக்கிறார்கள். மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு ஜூம் அமுக்கிவிடும். தம்புராவுக்கும் மின்விசிறிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் ஜூமின் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்கி, வகுப்பு தொடங்கியதும் திரையில் வரும் அதே பட்டனையும் இயக்குங்கள். நீங்கள் ஹெட்போன் போட்டுக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் எதிரொலி திரும்பும்.

## டைப்-சி மாற்றியில் போட்டால் சத்தமே வரவில்லை

கடைகளில் இரண்டு வகை மாற்றி ஒரே மாதிரித் தோற்றத்தில் விற்கிறது. ஒன்றில் வெறும் கம்பி இணைப்பு, மற்றதில் டி.ஏ.சி சிப், அதாவது போனின் டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சிப். பல போன்களுக்குச் சிப் உள்ளதுதான் வேலை செய்யும். "டி.ஏ.சி இருக்கா?" என்று கேட்டு, கடையிலேயே உங்கள் போனில் போட்டுக் கேட்ட பிறகு காசு கொடுங்கள்.

## பேஸ் போய்விட்டது

காதுக்குள் போகும் வகை என்றால் ரப்பர் முனையை ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள். காற்று கசிந்தால் பேஸ் நிற்காது. பெரிய ஹெட்போனில் காது மெத்தை உரிந்து கறுப்புத் துகள் கொட்டுகிறதா பாருங்கள். நம் ஊர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் செயற்கைத் தோல் தாங்காது. மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிறது, விட்டத்தை அளந்துகொண்டு வாங்குங்கள். கையை வைத்து மெத்தையைக் காதோடு அழுத்தினால் பேஸ் திரும்புகிறதென்றால் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

## எந்த ஹெட்போன் போட்டாலும் ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கிறது

இயர்போனை இடம் மாற்றிப் போடுங்கள், வலது காதுக்கானதை இடதில், இடதை வலதில். மந்தம் இயர்போனோடு இடம் மாறினால் மேலே சொன்ன வழியில் பாருங்கள். அதே காதிலேயே தங்கினால் காதை ஒரு இ.என்.டி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல நேரம் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிடுவார். காது குடையும் பஞ்சுக் குச்சியையோ பின்னூசியையோ விட்டு நீங்களே குடையாதீர்கள். ஆனால் நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று காலையில் திடீரென்று மங்கியது என்றால், அல்லது காதுக்குள் 'ங்ங்' என்று விடாமல் ஒலிக்கிறது என்றால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். திடீர்க் காது மந்தத்துக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைதான் அதிகம் பலன் தரும். அன்றைக்கே போங்கள்.